ஏழாவது சாடி



சென்ற வருடம் ஆடி மாதம் நமது இதழுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. கிளிநொச்சிப் பக்கத்தில் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தா. "அக்கா, எங்கட வாசலில எட்டு அடி நீளமும் நாலு அடி அகலமும் இடம் இருக்கு. பேணியளிலயும் வாளியளிலயும் கொஞ்சம் மரக்கறி வைச்சிருக்கிறன். ஆனால் பார்க்க வடிவாயில்லை. அதை வடிவாக்க ஒரு வழி சொல்லுவீங்களோ? இந்த நிலைமையில வடிவு கேக்கிறதுக்கு வெட்கமாயும் இருக்கு."

கடைசி வரிதான் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனது. கடிதத்தில் பதில் எழுதி முடிக்கிற விடயமாக அது எனக்குப் படவில்லை. ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போனேன்.

அவ இருப்பது தமக்கையின் காணியில், ஒரு மூலையில். தகரம் அடித்த ஓர் அறை, முன்னால் ஒரு சின்ன விறாந்தை. விறாந்தையில் தையல் மெசின். அவவும் பதினேழு வயது மகளும் மாமியும் அங்கே இருக்கிறார்கள். கணவரைப் பற்றி 2009ஆம் ஆண்டு சித்திரை மாதத்துக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

வாசலில் பதினொரு பேணிகளும் வாளிகளும் இருந்தன. ஒன்று படியில், ஒன்று கிணற்றுப் பாதையில், மூன்று தகரச் சுவரோடு ஒட்டினாற்போல. எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று வளர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கண் எதிலும் தரித்து நிற்கவில்லை.

"பக்கத்தில நிலம் கிடக்குதே பிள்ளை, ஏன் பேணியில வைச்சனீ?" என்று கேட்டேன்.

"காணி அக்காட பேரில. நாளைக்கு எங்க இருப்பமோ தெரியாது. முந்தின வளவில ரெண்டு மாவும் ஒரு தோடையும் வைச்சனான். காய்க்க முந்தியே விட்டிட்டு வெளிக்கிட்டம். இனி மண்ணில வைக்க மனம் வரேல்லை அக்கா."

அதற்கு நான் மறுமொழி சொல்லவில்லை. 2009இல் செட்டிகுளம் முகாமில், தறப்பாள் கொட்டிலுக்கு முன்னால் பால்மாப் பேணியில் பச்சைமிளகாய்க் கன்று வைத்துத் தண்ணீர் ஊற்றிய பெண்களை நான் கண்டிருக்கிறேன். சாடித் தோட்டம் என்பது பணக்காரரின் மாடி வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. காணி உறுதி இல்லாதவர், வாடகைக்கு இருப்பவர், உறவினர் வளவில் ஒதுங்கியிருப்பவர் எல்லோருக்கும் அது பொருந்தும். வெளிக்கிட வேண்டி வந்தால் அது கூடவே வரும்.

"பூமரம் எதுக்கு?"

நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போது மாமி கதவடியில் வந்து இருந்தா. "தின்னக்கூடியதை வைச்சால் காணும். பூமரம் எதுக்கு? பார்க்கிற சனம் என்ன சொல்லும்?" என்றா.

தங்கச்சி முகத்தைக் குனிந்துகொண்டா. பிறகு தனியே என்னிடம் சொன்னா: "பொட்டு வைச்சாலும் கதை, வைக்காட்டிலும் கதை. இப்ப பூமரம் வைச்சால் அதுக்கும் ஒரு கதை வரும் அக்கா." கணவர் காணாமல் போன நாளில் இருந்து இப்படி எத்தனை கேள்விகள் அவவைச் சுற்றி வந்திருக்கும் என்பது நம்மில் பலருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மாமியோடு நான் வாதாடப் போகவில்லை. வயது போன மனுசி. மகனைப் பறிகொடுத்துவிட்டு இருக்கிறா. "மாமி, கத்தரியும் பூக்கும்தானே? அதுவும் ஊதா நிறத்தில வடிவாய்ப் பூக்கும்" என்று மட்டும் சொன்னேன். மாமி ஒன்றும் பேசவில்லை. நாங்கள் வேலையைத் தொடங்கினோம். அன்று நாங்கள் செய்தவற்றை ஒழுங்காகச் சொல்கிறேன். உங்கள் இடம் இதைவிடச் சிறிதாக இருந்தாலும் முறை ஒன்றுதான்.

முதலில் கதிரையைப் போடுங்கள்

பலர் சாடியை வைத்துவிட்டுத்தான் எங்கே நின்று பார்ப்பது என்று யோசிக்கிறார்கள். மாறிச் செய்ய வேண்டும். ஒரு நாளில் நீங்கள் கூடிய நேரம் எங்கே இருக்கிறீர்களோ, அங்கே கதிரையைப் போட்டு இருந்து பாருங்கள். இந்தத் தங்கச்சி காலையில் இருந்து பொழுதுபடும் வரை தையல் மெசினில் இருப்பவ. அதனால் மெசினுக்கு முன்னால் நானும் இருந்து பார்த்தேன். தலையை நிமிர்த்தினால் முதலில் எங்கே கண் போகிறது? அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்து அடையாளம் செய்தோம். அதுதான் தோட்டத்தின் நடு. மற்றச் சாடிகள் எல்லாம் அந்த இடத்துக்குத் துணையாக நிற்க வேண்டும்.

சின்ன இடத்தில் எல்லாப் பக்கமும் வடிவாக்க முடியாது. ஒரு பக்கத்தைத் தெரிந்தெடுத்து அதை வடிவாக்கலாம்.

வெயில் எப்படி வருகிறது?

காலை, மத்தியானம், பின்னேரம் மூன்று முறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கத்தரி, மிளகாய், தக்காளி, வெண்டி போன்றவற்றுக்கு ஆறு மணித்தியாலமாவது நல்ல வெயில் வேண்டும். பொன்னாங்காணி, பசளி போன்ற கீரை வகைக்கு நாலு மணித்தியாலம் போதும். வல்லாரைக்கும் புதினாவுக்கும் மத்தியான வெயில் படாமல் இருந்தால் நல்லது.

அவவின் வாசல் கிழக்குப் பார்த்தது. மத்தியானம் வரை வெயில் கிடைக்கும். ஆனால் பின்னால் இருந்த தகரச் சுவர் மத்தியானத்துக்குள் அடுப்பு மாதிரிச் சுடும். அதோடு ஒட்டிய பேணிகளில் கன்றுகள் கருகியதற்குக் காரணம் அதுதான். தகரத்துக்கும் சாடிக்கும் இடையில் அரை அடியாவது விட்டு வையுங்கள்.

எண்ணிக்கையைக் குறையுங்கள்

பதினொன்றில் ஆறு, சின்னப் பால்மாப் பேணிகள். வெயில் காலத்தில் அவை காலையில் ஊற்றிய தண்ணீரை மத்தியானம் வரையும் வைத்திருக்காது. பார்ப்பதற்கும் சின்னச் சின்னதாகப் பல இருந்தால் இடம் குழம்பிப்போகும். அந்த ஆறையும் வீட்டுக்குப் பின்னால் நாற்றுப் போடுவதற்கு என்று ஒதுக்கினோம். மிஞ்சியவை ஐந்து: 20 லீற்றர் பெயின்ற் வாளி ஒன்று, 10 லீற்றர் வாளி இரண்டு, பழைய பேசின் இரண்டு. பின் வளவில் கிடந்த ஒரு பனையோலைக் கடகத்தையும் வாய் உடைந்த ஒரு மண்சட்டியையும் மகள் தேடிக் கொண்டு வந்தா. மொத்தம் ஏழு.

கீரைக்கு ஆறு அங்குல ஆழம் போதும். மிளகாய்க்குப் பத்து அங்குலமும், கத்தரி, தக்காளிக்கு ஓர் அடியும் வேண்டும். கடகம் ஈரத்தில் உக்கிப்போகும். உள்ளே ஓர் உரப்பையை விரித்து, அடியில் துளை போட்டு நட்டால் ஒரு போகம் தாங்கும்.

நனைந்த மண்ணோடு 10 லீற்றர் வாளி ஒன்று பன்னிரண்டு, பதினைந்து கிலோ வரும். தனியே தூக்க வேண்டியவர்கள் அதைவிடப் பெரிய சாடி பல வைக்க வேண்டாம். பெரியது ஒன்று போதும், அதையும் முதலிலேயே உரிய இடத்தில் வைத்துவிட்டு மண்ணை நிரப்புங்கள்.

ஒரே நிறம்

பெயின்ற் வாளியில் கம்பனி எழுத்து, பேசினில் ஒரு நிறம், வாளியில் வேறொரு நிறம் என்று இருந்தால் கண் செடியைப் பாராமல் பாத்திரத்தைத்தான் பார்க்கும். கடகம் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசினோம். பிளாஸ்ரிக்கில் சுண்ணாம்பு கழன்று விழும் என்பதால் முதலில் மணற் கடதாசியால் உரஞ்சிவிட்டு, பழைய சாக்கை வெட்டிச் சுற்றிக் கட்டி அதன்மேல் பூசினோம். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பிவிடும், வேர் சூடாகாது. பூசுகிறபோது உள்ளே மண்ணில் சுண்ணாம்பு சிந்தாமல் பாருங்கள்.

உயரம், நடுத்தரம், தாழ்வு

எல்லாச் சாடியையும் நிலத்தில் ஒரே வரிசையில் வைத்தால் கடைப் பலகை மாதிரி இருக்கும். பின்னுக்கு உயரமானது, நடுவில் நடுத்தரம், முன்னுக்குத் தாழ்ந்து படருவது என்று படி கட்டினால் சின்ன இடமும் நிறைந்து தெரியும். நாங்கள் வைத்தது இப்படி:

பின் மூலையில் பெயின்ற் வாளி. மூன்று தடியைக் கூம்பாக ஊன்றி, மேலே கட்டி, சிவப்புத் தண்டுப் பசளி படரவிட்டோம். உயரமானதை நடுவில் வைக்காமல் ஒரு மூலையில் வைத்தால்தான் இடம் அகலமாகத் தெரியும். அதன் பக்கத்தில் இரண்டு செங்கல் உயரத்தில் இரண்டு வாளிகள். ஒன்றில் கத்தரி, மற்றதில் மிளகாய். முன்னுக்கு இரண்டு கரையிலும் பேசின்கள். இரண்டிலும் சிவப்புப் பொன்னாங்காணி. ஒரே செடி இரண்டு பக்கமும் வரும்போது கண்ணுக்கு ஓர் ஒழுங்கு பிடிபடும். கத்தரியின் நிழல் விழும் பக்கத்தில் கடகம். அதில் புதினா.

செடிகளுக்கிடையில் கால் வைத்துப் போய்வர ஓர் அடியும் கொஞ்சமும் விட்டோம். முழுவதையும் அடைக்க வேண்டாம். வெறுமையாய் விட்ட கூட்டிய மண்ணும் வடிவுதான்.

மிஞ்சியது அந்த மண்சட்டி. அதை நாங்கள் கல் வைத்து அடையாளம் செய்த இடத்தில், நடுவில் வைத்தோம். மண்ணும் நிரப்பினோம். "இதில என்ன வைக்கிறது அக்கா?" என்று தங்கச்சி கேட்டா. கேட்டுவிட்டு மாமி இருந்த பக்கம் பார்த்தா. "இப்போதைக்குச் சும்மா இருக்கட்டும். உன்ர மனம் சொல்லுறதை வை" என்றேன்.

மண்ணும் துளையும்

வளவு மண்ணை மட்டும் போட்டால் சாடியில் இறுகிப்போகும். மேல்மண் ஒரு பங்கு, நன்றாக உக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு கலந்தோம். தும்புத்தூளை இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசிப் பிழிந்தே போட வேண்டும், அதில் உப்பு இருக்கும். உக்காத எரு சூடு கொடுத்து வேரைக் கெடுக்கும்.

சாடியின் அடியில் பென்சில் மொத்தத்தில் ஐந்தாறு துளை போடுங்கள். ஆணியைச் சூடாக்கிக் குத்தினால் பிளாஸ்ரிக் வெடிக்காது. துளைக்கு மேல் ஓட்டுத் துண்டும், அதன்மேல் தேங்காய்ப் பொச்சுத் துண்டும் பரப்பினால் மண் வெளியேறாது, பொச்சு ஈரத்தையும் பிடித்து வைக்கும். கார்த்திகை மழையில் சாடிக்குள் தண்ணீர் நின்றால் செடி அழுகும். அதனால் எல்லாச் சாடியையும் கல்லின்மேல் வையுங்கள்.

இரண்டு கிழமைக்கு ஒருக்கால் ஒரு பிடி உக்கிய எரு போட்டால் போதும். சாம்பலை அளவோடு போடுங்கள், கூடினால் மண் கெடும். 2021இல் இரசாயனப் பசளை இல்லாமல் போனதும், 2022இல் மரக்கறி விலை ஏறியதும் நினைவிருக்கும். அந்த நாட்களில் வீட்டு எருவில் வளர்த்த நாலு சாடி மிளகாயும் கீரையும் எத்தனையோ அடுப்படிக்குக் கை கொடுத்தன.

இலையில் பூச்சி கண்டால், வேப்பங்கொட்டையின் உள் பருப்பு 50 கிராம் இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்துப் பின்னேரத்தில் தெளியுங்கள்.

தண்ணீரும் நுளம்பும்

இப்போது மாரி முடிந்து வெயில் ஏறுகிற காலம். சோளகக் காற்றுத் தொடங்கினால் சாடி இன்னும் கெதியாகக் காயும். காலையில் ஒருக்கால், பொழுதுபடும்போது ஒருக்கால் ஊற்ற வேண்டி வரும். விரலை மண்ணுக்குள் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். மேல்மண்ணில் காய்ந்த சருகு பரப்பினால் ஈரம் நிற்கும். அரிசி கழுவிய தண்ணீர் நல்லது, சவர்க்காரத் தண்ணீர் வேண்டாம். கிணறு உவரானால் சாடி ஓரத்தில் வெள்ளையாகப் படியும். மழைநேரம் நன்றாகத் தண்ணீர் ஓடவிட்டு அந்த உப்பைக் கழுவிவிடுங்கள்.

சாடிக்குக் கீழே தட்டு வைப்பவர்கள் கவனமாக இருங்கள். டெங்கு நுளம்பு, தேங்கி நிற்கும் தெளிந்த தண்ணீரில் முட்டையிடும். முட்டை நுளம்பாவதற்கு ஒரு கிழமை, பத்து நாள் போதும். தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்தும் பல மாதம் உயிரோடு கிடக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் காணாது, கிழமைக்கு ஒருக்கால் தும்பால் தேய்த்துக் கழுவ வேண்டும். 2017ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு கண்டது. தட்டே வைக்காமல் கல்லின்மேல் வைப்பது எல்லாவற்றிலும் நல்லது.

இவற்றை மறக்க வேண்டாம்

மண் எடுப்பதற்கென்று புதிதாக எங்கேயும் கிண்டாதீர்கள். பழகிய, ஆட்கள் பயிர் செய்துவரும் இடத்தில் மட்டும் எடுங்கள். காட்டோரத்தில், பாழ் வளவில் வடிவான இரும்புக் குழாய், கோது என்று எது கிடந்தாலும் சாடியாக்கலாம் என்று தொடவே வேண்டாம். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். கண்டால் விலகி வந்து கிராம சேவையாளருக்கு அல்லது பொலிசுக்கு அறிவியுங்கள். கிருமிநாசினி வந்த பாத்திரங்களை எவ்வளவு கழுவினாலும் கீரை வைக்கப் பாவிக்கக் கூடாது.

காலை இழந்த, குனிய இயலாத சகோதரிகள் சாடிகளை நிலத்தில் வைக்க வேண்டியதில்லை. சீமெந்துக் கல் அடுக்கிப் பலகை போட்டு, கதிரையில் இருந்தபடி கை எட்டும் உயரத்துக்கு, ஏறக்குறைய இரண்டரை அடிக்கு உயர்த்திக்கொள்ளுங்கள். பலகை ஆடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கையால் வேலை செய்பவர்கள் சோடாப் போத்தல் மூடியில் துளை போட்டுத் தண்ணீர் ஊற்றலாம். வாளி தூக்கத் தேவையில்லை.

தை மாதம்

பொங்கல் முடிந்து ஒரு கிழமையால் மறுபடி அங்கே போனேன். பசளி தடியின் உச்சியைத் தொட்டு, மறுபடி கீழே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாளி கத்தரியில் நாலைந்து காய். மிளகாயில் இலை சுருண்டிருந்தது, அதற்கு வேப்பங்கொட்டைத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தா. கடகம் ஒரு பக்கம் உக்கிச் சரிந்து, கம்பியால் கட்டப்பட்டிருந்தது. எல்லாம் சரியாக வந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் படலையைத் திறந்ததும் என் கண் ஓர் இடத்தில் நின்றது.

நடுவில் இருந்த மண்சட்டியில் மஞ்சள் செவ்வந்தி பூத்திருந்தது.

"ஆர் வைச்சது?" என்று கேட்டேன். தங்கச்சி மெசினில் இருந்தபடியே மாமி இருந்த பக்கம் தலையைக் காட்டிச் சிரித்தா. கோயிலடியில் ஆரோ கொடுத்த கன்றாம். ஐப்பசி மழைக்கு மறுநாள், ஒருவரிடமும் சொல்லாமல் மாமி தானே கொண்டு வந்து நட்டிருக்கிறா.

நான் ஒன்றும் கேட்க முந்தியே மாமி சொன்னா: "பிள்ளையாருக்கு வைக்கத்தான் பிள்ளை. படத்துக்கு இல்லை. அவன் வருவான்."

அறைக்குள் மகனின் படம் இருந்தது. மாலை இல்லை. பிள்ளையாரின் முன்னால் மூன்று செவ்வந்திப் பூ இருந்தது. சனம் என்ன சொல்லும் என்று மாமி அன்று கேட்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

வெளிக்கிடும்போது தங்கச்சி ஒரு பிடி பொன்னாங்காணி ஒடித்து, கடதாசியில் சுற்றித் தந்தா. "இந்த ஏழையும் நான் தூக்கிப் பார்த்திட்டன் அக்கா. பெயின்ற் வாளி மட்டும்தான் பாரம். ரெண்டு பேர் பிடிச்சால் அதுவும் வரும்" என்றா. பிறகு, "ஆனால் இப்ப தூக்கிற எண்ணம் இல்லை. வாற மாரிக்கு ஒரு மாதுளையை நிலத்தில வைச்சுப் பார்ப்பமோ எண்டு யோசிக்கிறன்" என்றா.

சகோதரிகளே, வடிவு கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். சமைக்கக் கீரை வேண்டும் என்பது போலவே, தலை நிமிர்த்தும்போது கண் தரித்து நிற்க ஓர் இடமும் நமக்கு வேண்டும். அதற்கு ஏக்கர் கணக்கில் காணி தேவையில்லை. கதிரையைப் போட்டு இருந்து பாருங்கள். கண் போகிற இடத்தில் ஒரு சாடியை வையுங்கள். மற்றதெல்லாம் அதைச் சுற்றி வரும்.

உங்கள் வாசலின் அளவு, வெயில் வரும் பக்கம், கையில் இருக்கும் பாத்திரங்கள் ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். இயன்றவரை இந்தப் பக்கத்தில் பதில் தருகிறேன். அடுத்த இதழில், கத்தரி, மிளகாய், பயற்றை ஆகியவற்றில் இருந்து விதை எடுத்துப் பழுதாகாமல் வைப்பது பற்றிக் கதைப்போம்.

அன்புடன்,
உங்கள் அக்கா